எம் கதைக்கு எவர் வாய்?

முள்ளிவாய்க்காலில் 2009ஆம் ஆண்டு நிகழ்ந்த இனப்படுகொலையை ஞாலத்தின் கண்முன் நிறுத்திய ‘நோ பயர் சோன்’ என்னும் ஆவணப்படத்தை இந்தியத் திரையரங்குகளிற் காட்டுதற்குச் சான்று வழங்க இயலாதென்று, நடுவணரசின் படத்தணிக்கை வாரியம் 2014 பிப்பிரவரியிற் கைவிரித்துவிட்டது. கரணியம் யாது? காட்சிகள் உள்ளத்தை உலுக்குவனவாம். அன்றியும் இலங்கையோடு இந்தியாவுக்குள்ள நட்புறவுக்கு அப்படத்தால் ஊறு நேருமாம்! கொன்றவன் நண்பன், செத்தவன் யாருக்கும் உறவினன் அல்லன் போலும்!

அப்படத்தை இயக்கியவர் கேலம் மெக்கிரே என்னும் பிரித்தானியர். அவர்தம் படக்கருவி முள்ளிவாய்க்காலுக்குள் நுழைந்ததன்று. பதுங்குகுழிக்குள் இருந்துகொண்டு எம் மக்கள் கைப்பேசியிற் பதிந்தவையும், வென்ற களிப்பிற் சிங்களப் படைஞரே எடுத்து வைத்துக்கொண்டவையும் ஆகிய படத்துணுக்குகளே அதன் உயிர். கொலைஞன் தன் கையால் எழுதிய ஒப்புதலோலை அது. நாற்பதாயிரம் பேர்வரை மாண்டிருத்தல் கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமர்த்திய வல்லுநர் குழுவே 2011இல் உரைத்தது. அத்தகைய ஓலையைத்தான் தில்லி மடித்துப் பெட்டிக்குட் போட்டுப் பூட்டப் பார்த்தது. படத்தை எடுத்தோர் அதனை இணையத்தில் விலையின்றி வெளியிட்டமையாற் பூட்டு ஓரளவு பயனற்றுப் போயிற்று. ஆயினும் ஊர்கூடித் திரையிற் பார்த்துக் கலங்கிப் பேசுவதும், ஒருவன் தன் அறையிற் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு தனியே பார்ப்பதும் ஒன்றாகா.

இந்நட்புறவுக்கு விலை கொடுத்தவர் யாரெனக் காண விழைவோர் கடல் கடக்க வேண்டா. சென்னையினின்று வடக்கே செல்லும் புறநகர்த் தொடர்வண்டியில் ஏறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்குக. சிப்காட்டுத் தொழிற்பேட்டையின் உருக்காலைப் புகை சூழ்ந்த அவ்வூரில், 1990ஆம் ஆண்டுமுதல் ஈழத்தமிழர் வாழ்ந்துவரும் குடியிருப்பு ஒன்றுண்டு. மக்கள் அதனை முகாம் என்றே வழங்குவர். அகதி என்னும் வடசொல்லையும் விடாது ஒட்டுவர். ஏதிலி என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்கின்றது. சொல் இருந்து என்! ஏதுமிலாதவர் நிலைதான் மாறவில்லை. 2021இல் தமிழ்நாட்டரசு ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றி, முந்நூறு கோடி உருபாவுக்கு மேல் ஒதுக்கிப் புது வீடுகளும் கட்டத் தொடங்கியது. அது நன்றே. ஆனால் 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச்சட்டம் பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளினின்று வந்தோர்க்கு மட்டுமே வாயில் திறந்தது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. தமிழ் மண்ணிற் பிறந்து, தமிழ்ப் பள்ளியிற் பயின்று, தமிழ்நாட்டுச் சுவர்களுக்கெல்லாம் வண்ணம் பூசிக் கூலி பெறும் இளைஞன், முப்பது அகவை கடந்தும் எந்நாட்டானும் அல்லன்!

யான் இப்பக்கத்துப் பள்ளியொன்றிற் பல்லாண்டு தமிழ் பயிற்றுபவன். முகாமினின்று வரும் பிள்ளைகளை வகுப்பில் முதற்கண் அடையாளங் காண்பது எளிதன்று. எம் பிள்ளைகளைப் போலவே பேசக் கற்றுக்கொண்டு விடுகின்றனர். ஏனெனில் ‘ஓம்’ என்றால் உடனிருப்போர் நகைக்கின்றனர். ‘கதைத்தேன்’ என்றால் ‘என்ன கதை விட்டாய்?’ என்று கேலி செய்கின்றனர். ஆம் என்பது ஓம் எனத் திரிந்து வழங்குதலும், அழகை வடிவு என்றலும், பின்பு என்பதைப் பேந்து என்றலும் எத்துணை இனிய வழக்குகள்! அவற்றை அப்பிள்ளைகள் பள்ளி வாயிலிற் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகின்றனர். மாலையில் மீண்டும் எடுத்துப் பூண்பாரா? பாட்டனும் பாட்டியும் உள்ள வீட்டிற் பூண்பர். அவர் மறைந்தபின் யாரோடு கதைப்பது? ஒரு மாணவன் படிவமொன்றை நிரப்புங்கால் என்னிடம் வந்து, “ஐயா, சொந்த ஊர் என்னும் இடத்தில் எதை எழுத? அப்பாவைக் கேட்டால் ஒன்று சொல்கிறார், அப்பப்பாவைக் கேட்டால் இன்னொன்று சொல்கிறார்” என்றான். அப்பப்பா சொன்ன ஊர் வன்னியில் உள்ளது, அவன் பார்த்ததில்லை. அவ்வூரின் குளமும், வயலும், அங்கிருந்து ஓடிவந்த இரவும், படகும் அம்முதியவரின் நெஞ்சில் மட்டுமே உள்ளன. அவற்றைப் பதிந்து வைத்தவர் எவர்? யாம் அல்லேம்.

ஆவணப்படம் என்று யாம் இன்று வழங்கும் சொல்லை உற்று நோக்குக. ‘டாக்குமெண்டரி’க்கு ஈடாக வந்ததாயினும், ஆவணம் என்பது அண்மைக்கால ஆக்கம் அன்று. நிலத்தை விற்றோரும் வாங்கினோரும் எழுதிப் பதிந்த களத்தைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ஆவணக்களரி என்னும். ஆவணம் உடையவன் உரிமை உடையவன். திருவெண்ணெய்நல்லூர் வழக்கினைப் பெரியபுராணத்திற் பயின்றோர் அறிவர். மணப்பந்தலில் வந்து நின்று ‘நீ எனக்கு அடிமை’ என்ற முதியவர் கையிலிருந்த ஓலையைச் சுந்தரர் பற்றிக் கிழித்தெறிந்தார். முதியவரோ கலங்கவில்லை. கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் உளது, அவையிற் காட்டுவேன் என்றார், காட்டினார், வென்றார். மூலத்தைக் காத்தவன் வழக்கில் வெல்வான் என்பது அக்கதையில் யாம் கொள்ளத்தக்க உலகியற் செய்தி. சமயச் செய்தியைச் சைவர் கொள்க.

இனி எம் நிலைமையைப் பார்ப்போம். காந்தியடிகளைப் பற்றி முதன்முதல் முழுநீள ஆவணப்படம் எடுத்தவன் குசராத்தியும் அல்லன், வங்காளியும் அல்லன், வெள்ளையனும் அல்லன். கோட்டையூரிற் பிறந்த தமிழன், ஏ.கே. செட்டியார். 1937 அத்தோபர் 2ஆம் நாள் நியூயார்க்கினின்று தப்ளினுக்குக் கப்பலிற் செல்லும்போது இவ்வெண்ணம் அவர்க்குத் தோன்றிற்று. கையிற் பெரும்பொருள் இல்லை. அகவையோ முப்பதைத் தொடவில்லை. ஆங்கில ஆட்சியோ காந்தி என்றாலே முகம் சுளிக்கும் ஆட்சி. ஆயினும் பல கண்டங்கள் சுற்றி, எங்கெங்கோ எவரெவரோ எடுத்து வைத்திருந்த 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். 1940இற் சென்னையிற் படம் வெளிவந்தது. அதன் வாய்மொழி என்ன மொழி? தமிழ்! இந்திப் பதிப்பு 1947இல்தான் வந்தது. ஆங்கிலப் பதிப்பு 1953இல் அமெரிக்காவில். அஃதாவது, காந்தியின் கதையை வடநாட்டானுக்கு முன்னரே தமிழன் தமிழிற் கேட்டான்.

அத்தமிழ் மூலம் இன்று எங்கே? இல்லை. தொலைந்தது. ஆங்கிலப் பதிப்பின் படியொன்றைச் சான்பிரான்சிசுகோ நகரிலுள்ள பல்கலைக்கழகமொன்றிற் கண்டெடுத்து வெளிப்படுத்தியவர் வரலாற்றறிஞர் ஆ.இரா. வேங்கடாசலபதி. வெண்ணெய்நல்லூர் வழக்கு எம்மிடம் தலைகீழாய்ப் போயிற்று, பாருங்கள்! மூலவோலையை யாமே தொலைத்தோம். படியோலை அயலான் பெட்டியிற் பத்திரமாக இருந்தது. ஒரு சுருளைக் குளிர்ந்த அறையில் வைத்துக் காக்கும் எளிய பொறுப்பைத் தமிழ்நாட்டிற் செல்வரும் செய்திலர், அரசும் செய்திலது. நடிகர்க்குக் கோவில் கட்டச் செங்கல் சுமந்த நாட்டில் இதற்கு ஒரு பேழை வாய்க்கவில்லை.

தொலைத்தல் ஒரு கேடு. பிறர் வாயாற் கேட்டல் அதனினும் பெருங்கேடு. சயாமுக்கும் பருமாவுக்கும் இடையே 1942–43இற் சப்பானியர் இட்ட 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையிற் செத்த ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழத் தொண்ணூறாயிரவர் என மதிப்பிடுவர். மலேயாத் தோட்டங்களினின்று ஏற்றிச் செல்லப்பட்டு ஆங்கே கழிச்சலிலும் காய்ச்சலிலும் மடிந்த தமிழர் பல்லாயிரவர். இப்பாதையைப் பற்றி உலகு அறிந்தது எதனால்? 1957இல் வெளிவந்த குவாய் ஆற்றுப் பாலத் திரைப்படத்தால். அதிற் சீழ்க்கை அடித்துக்கொண்டு நடந்துவரும் வெள்ளைப் படைஞரைத்தான் காணலாம். தமிழன் பிணமாகக் கூட அதில் இடம் பெறவில்லை. அப்படம் எடுக்கப்பட்ட இடமோ இலங்கைத் தீவின் கித்துல்கலை! தமிழர் வாழும் தீவில், தமிழர் செத்த கதையை, தமிழரை நீக்கிவிட்டு எடுத்து ஏழு ஆசுக்கார் விருதுகளைப் பெற்றுச் சென்றனர். அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலம் கழித்து, குறிஞ்சிவேந்தன் என்னும் தமிழர் எஞ்சியிருந்த முதியோரைத் தேடிச் சென்று அவ்விருப்புப்பாதைக் கொடுமையைத் தமிழில் ஆவணப்படமாக்கினார். அவர் இன்னும் பத்தாண்டு காலந் தாழ்த்திருந்தாற் பேசுதற்கு ஒருவர்கூட எஞ்சியிரார். அவ்வாறே, 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தின் கதையைச் சோமீதரன் ‘எரியும் நினைவுகள்’ என ஆக்கினார். தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலான அவ்விரவைப் பற்றி எரியூட்டியவன் வாயிலும் கேட்கலாம், எரிந்தவன் வாயிலும் கேட்கலாம். எதனைக் கேட்கின்றோம் என்பதே வினா.

திருவள்ளூர் மாவட்டத்திற்கு மீள்வேம். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, கொற்றலையாற்றின் பக்கத்தில் அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் உளது. 1863 செப்டம்பரில் இராபர்ட்டு புரூசு பூட்டு, வில்லியம் கிங்கு என்னும் இரு வெள்ளையர் ஆங்குப் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டனர். பின்னர்ச் சாந்தி பப்பு, குமார் அகிலேசு முதலியோர் 1999முதல் அகழ்ந்து, அவற்றுட் பழையன ஏறத்தாழப் பதினைந்து இலக்கம் ஆண்டு முந்தியன என்று 2011இல் நிறுவினர். 2018இல் வந்த அடுத்த ஆய்வு, இடைப் பழங்கற்காலக் கருவித்திறன் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆங்குத் தோன்றிவிட்டதெனக் கூறி உலக அறிஞரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அக்கருவி செய்தோர் எம்மொழி பேசினர் என்று யாம் கூறவில்லை; கூறுதற்குச் சான்றும் இல்லை. சான்றில்லாததைக் கூறி நகைப்புக்கு ஆளாவது எம் இயக்கத்திற்குத் தேவையும் அன்று. மாந்தன் இம்மண்ணில் அத்துணைக் காலம் வாழ்ந்தான் என்பதே போதிய பெருமை.

ஆனால், பூண்டி அகழ்வைப்பகத்திற்கு அண்மையிலுள்ள ஊர்ப்பிள்ளைகளை அழைத்து, “உங்கள் ஊர்க் கல்லைப் பற்றி உலகு பேசுகின்றதே, அறிவீரா?” என வினவிப் பாருங்கள். விழிப்பர். அக்கண்டுபிடிப்பு ஆங்கில ஆய்விதழில் வந்தது. ஆங்கிலத் தொலைக்காட்சி பேசிற்று. ஆங்கிலம் அறிந்தோர் வியந்தனர். குடியம் குகைகளைப் பற்றி இரமேசு யந்திரா என்பார் ஓர் ஆவணப்படம் எடுத்தார், அவரைப் பாராட்டுகின்றேம். அத்தகையது ஒன்றன்று, நூறு வேண்டும். ஊர்தோறும் பள்ளித் திரையில் ஓட வேண்டும். ஊர்ப்பிள்ளை அறியாத கல் ஊர்ச்சொத்து ஆகாது; நாளை ஒருவன் அக்கல்லைச் சரளைக்கு உடைத்தாலும் தடுப்பார் இலர்.

நிலம் பறிபோனதற்கும் இஃதே நிலை. தேர்வாய் கண்டிகையில் ஒடுக்கப்பட்ட மக்கள் வழிவழியாக ஆடுமாடு மேய்த்த புறம்போக்கு நிலத்தைச் சிப்காட்டுக்கென்று அரசு எடுத்தது. மக்கள் ஆண்டுக்கணக்கிற் போராடினர். வழக்கு 2012இற் பிரான்சு நாட்டு முறையீட்டு அமைப்புவரை சென்றது. அம்மக்களின் சொற்கள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தாளாய்க் கிடக்கின்றன. அவர்தம் தமிழ் வாய்மொழியைப் பக்கத்து ஊரார்கூடக் கேட்டிலர்.

நடுவணரசை மட்டும் குறைகூறி எம் வீட்டுக் குப்பையை மறைத்தல் நேர்மையன்று. மலம் அள்ளும் தொழிலாளரின் சாவுகளைத் திவ்யபாரதி ‘கக்கூசு’ என 2017இற் படமாக்கினார். (பெயர் ஒல்லாந்தச் சொல். அவ்வொல்லாந்தர் கோட்டை கட்டியிருந்த பழவேற்காடும் எம் மாவட்டத்ததே. படத்தின் உண்மை கருதிப் பெயரைப் பொறுத்தேம்.) அதனைத் திரையிடத் தடை செய்தது தில்லியன்று, தமிழ்நாட்டுக் காவல்துறை. அவ்வாண்டு சூலையில், 2009ஆம் ஆண்டின் மாணவர் போராட்ட வழக்கொன்றைத் தோண்டியெடுத்து அவரைத் தளையிட்டதும் அதே துறை. அவர் அடுத்து எடுத்த படம், ஒக்கிப் புயலிற் கடலில் மாண்ட குமரி மீனவரைப் பற்றியது. பெயர் ‘ஒருத்தரும் வரேல’. இலக்கணப் புலவர் சிலர் இப்பெயர் கண்டு முகம் சுளித்தனர். யாம் சுளிக்கிலேம். துயருற்றவன் வாயில் வந்த சொல்லைத் திருத்துதற்கு யாம் யார்? படத்தின் விளக்கவுரை தூயதமிழாக இருத்தல் வேண்டும். பேசுவோர் மொழியோ அவரவர் ஊர்மொழியாகவே இருத்தல் வேண்டும். ஊர்மொழியிற் கிடக்கும் பழஞ்சொற்களைப் பாவாணர் போன்றோர் திரட்டியது ஏட்டில் மட்டும் பார்த்தா?

அயலகத் தமிழர்க்கும் அச்சுறுத்தல் உண்டு. ‘நோ பயர் சோன்’ படத்தைக் கோலாலம்பூரில் 2013 சூலையிற் காட்டியதற்காக இலீனா எண்டிரி என்னும் பெண்மணி வழக்குமன்றம் இழுக்கப்பட்டு, 2017இற் பத்தாயிரம் வெள்ளி ஒறுப்புக்கு ஆளானார். ஒரு படத்தை இத்துணை அரசுகள் அஞ்சுகின்றன என்றால் அதன் ஆற்றல் எத்துணைத்தென்று எண்ணுக.

எல்லா அரசும் இவ்வாறா? கனடாவில் 1990இல் மோகாக்கு மக்களின் இடுகாட்டு நிலத்திற் குழிப்பந்துத் திடலை விரிவாக்க முற்பட்டபோது, அம்மக்கள் தடுப்பு அமைத்து 78 நாள் எதிர்த்து நின்றனர். நாட்டுப் படையே வந்து சூழ்ந்தது. தடுப்புக்குள் படக்கருவியோடு இருந்தவர் அலானிசு ஒபோம்சாவின் என்னும் அபெனாக்கிப் பழங்குடிப் பெண். 1993இல் அவர் ஆக்கிய ‘கானசதாகே’ படம் கனடா அரசையும் அதன் படையையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. அதற்குப் பொருள் தந்து வெளியிட்டது எது? கனடா அரசின் தேசியத் திரைப்பட வாரியமே! இந்தியாவுக்கும் ஒன்று இருந்தது. 1948இல் தோன்றிய திரைப்படப் பிரிவு. மும்பையில் எழுதிய உரையைத் தமிழிற் பெயர்த்து, அணைக்கட்டையும் அமைச்சரையும் திரையரங்குதோறும் கட்டாயமாகக் காட்டிற்று. நாம் அப்பொழுது வறுகடலை வாங்க வெளியே சென்றோம். 2022இல் அது வேறொரு கழகத்தோடு இணைக்கப்பட்டு முடிந்தது.

வேல்சு மக்கள் தொகையில் எம்மினும் எத்துணையோ சிறியர். தம் மொழிக்கெனத் தனித் தொலைக்காட்சி தருவதாகச் சொன்ன பிரித்தானிய அரசு சொல் பிறழ்ந்தபோது, குவின்வோர் எவான்சு என்னும் தலைவர் சாகும்வரை உண்ணாநோன்பு இருப்பேன் என 1980இல் அறிவித்தார். அவர் நோன்பு தொடங்குமுன்னரே அரசு பணிந்தது; 1982 நவம்பரில் வேல்சு மொழி அலைவரிசை ஒளிர்ந்தது. எம் சங்கரலிங்கனார் நாட்டின் பெயருக்காக 1956இல் 76 நாள் உண்ணாதிருந்து உயிரையே ஈந்தார். அவர் செத்தும் அரசு அசையவில்லை. பெயர் மாறிய ஆண்டு 1969. இன்று தமிழில் அலைவரிசைகளுக்குக் குறைவில்லை. அவற்றுள் எதிலேனும் நாள்தோறும் ஒரு நாழிகை ஆவணப்படத்திற்கு உண்டா? மாமியார் மருமகள் சண்டைக்கு உண்டு.

“ஆங்கிலத்தில் எடுத்தாலன்றோ உலகு பார்க்கும்?” என்று வினவும் நண்பர் உளர். முதுமலையின் யானைக்குட்டிகளையும் அவற்றை வளர்த்த இணையரையும் பற்றிய படம் 2023இல் ஆசுக்கார் பெற்றதே. அதிற் பேசப்பட்ட மொழி தமிழ்தானே! (பெயர் மட்டும் ஆங்கிலம், அந்நோய் எப்பொழுது தீருமோ?) அடியில் எழுத்தோடினால் உலகத்தான் படித்துக்கொள்வான். ஏ.கே. செட்டியார் தமிழில் முதலில் எடுத்தார், பிறமொழியில் பின்னர் எடுத்தார்; அதுவே முறை. ஆங்கிலத்தில் எடுக்கப்படும் படத்தில் தமிழன் காட்டப்படும் பொருள், பார்ப்பவன் வேறொருவன். தமிழில் எடுக்கப்படும் படத்திற் காட்டப்படுபவனும் தமிழன், பார்ப்பவனும் தமிழன். முதியவள் பேசுகையில் அவள் பேரன் கேட்டுக்கொண்டிருப்பான்.

ஆகலின் தென்மொழி அன்பர்காள், கோரிக்கை விடுத்துக்கொண்டே காத்திராதீர். நடுவணரசு தன் 2014ஆம் ஆண்டு மறுப்பைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்போம். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அதற்கெனத் தீர்மானம் வரவும் வற்புறுத்துவோம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டா. மாதந்தோறும் பொங்கலும் பட்டிமன்றமுமாகக் கழிக்கும் மன்றங்கள் ஆண்டுக்கு ஒரு முதியவரையேனும் பதிவு செய்க. இக்காலத்துக் கைப்பேசி போதும். மெக்கிரேக்குச் சான்று தந்ததும் கைப்பேசிதான். கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் உள்ள ஈழ முதியோரை, அவர்தம் இசைவு பெற்று, பெயரை மறைக்கக் கோரின் மறைத்துப் பதிக. செங்கற்சூளையினின்றும் அரிசியாலையினின்றும் கொத்தடிமை நீங்கி வந்த இருளரைப் பதிக. உருக்காலையில் உழலும் ஒடியத் தொழிலாளியையும் அவன் மொழியிலேயே பேசவிட்டுத் தமிழில் உரை எழுதுக. அவனும் ஊரிழந்து வந்தவனே. இடையிற் குறுக்கிடாதீர், அழுதால் கருவியை நிறுத்துக, ஊர்ப்பெயர், நாள், பேசியவர் அகவை ஆகியவற்றைத் தவறாது குறிக்க. ஒரு படியை வீட்டில் வைத்து, ஒன்றைத் தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்திற்கும் ஒன்றைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திற்கும் விடுக்க. வாங்க மறுப்பாராயின் மறுப்பை எழுத்திற் கேட்டுப் பெறுக. அதுவும் ஓர் ஆவணமே.